பிரெடரிக் சார்லஸ் பிரேசர்

பிரெடரிக் சார்லஸ் பிரேசர் (பெப்ரவரி 15, 1880 – மார்ச் 2, 1963) ஆங்கிலேய மருத்துவரும் பூச்சியியலாளரும் ஆவார். இந்திய மருத்துவச் சேவையில் பணியாற்றிய இவர், தும்பிகளைப் பற்றிய ஆய்வுகளுக்காக அறியப்படுகிறார். நீலகிரி உள்ளிட்ட மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியின் தும்பிகளில் கணிசமானவற்றை அறிவியல் உலகுக்கு முதலில் விவரித்தவர் இவரே. 1933, 1934, 1936 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த இவரது நூல், இந்தியத் தும்பிகளை அடையாளம் காண்பதற்கு இன்றும் அடிப்படை நூலாக உள்ளது. சிறகு நரம்புகளின் அமைப்பைக் கொண்டு தும்பிகளின் மூதாதை வழியைக் கண்டறிய முயன்ற இவர், 1957ஆம் ஆண்டில் அவ்வரிசை முழுவதற்கும் ஒரு புதிய வகைப்பாட்டை வெளியிட்டார். அந்த வகைப்பாட்டின் சில பகுதிகள் பிற்கால மரபணு ஆய்வுகளால் உறுதிப்பட்டன; சில கைவிடப்பட்டன.

இக்கட்டுரையில் தும்பி என்னும் சொல் ஓடோனேட்டா என்னும் வரிசை முழுவதையும் குறிக்கும். அவ்வரிசையில், உடல் பருத்து, அமரும்போது சிறகுகளை விரித்து வைத்திருப்பவை தட்டான்கள் எனவும், உடல் மெலிந்து, பெரும்பாலும் சிறகுகளை முதுகின் மேல் மடக்கி வைப்பவை ஊசித்தட்டான்கள் எனவும் குறிக்கப்படுகின்றன. உலகில் 6,000க்கும் மேற்பட்ட தும்பி இனங்களும், இந்தியாவில் 450க்கும் மேற்பட்ட இனங்களும் அறியப்பட்டுள்ளன.

வாழ்க்கைச் சுருக்கம்

பிரேசர் இங்கிலாந்தில் இலண்டனை அடுத்த வுலிச் என்னும் ஊரில் பிறந்தார். மருத்துவம் பயின்று இந்திய மருத்துவச் சேவையில் சேர்ந்தார். இச்சேவை, பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் படைப்பிரிவுகளுக்கும் அரசு மருத்துவமனைகளுக்கும் மருத்துவர்களை வழங்கிய அமைப்பாகும். இதில் பணியாற்றிய பலர் ஓய்வு நேரத்தில் தாவரங்களையும் விலங்குகளையும் ஆராய்ந்தனர். பணியிட மாற்றங்களால் பல வகை நிலப்பகுதிகளைக் காணும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. மேலும், மருத்துவக் கல்வியில் பெற்ற உடற்கூற்றியல் பயிற்சி நுண்ணிய உறுப்புகளை ஒப்பிட்டு வரைவதற்கு உதவியது. பிரேசரின் ஆய்வுகளிலும் இவ்விரு கூறுகளையும் காணலாம்.

1918ஆம் ஆண்டிலிருந்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் இந்தியத் தும்பிகளைப் பற்றிய தொடர் கட்டுரைகளை இவர் எழுதினார். அப்போது இவர் மேஜர் பதவியில் இருந்தார். பின்னர் லெப்டினன்ட் கர்னல் ஆனார். கல்கத்தாவில் இருந்த இந்திய அருங்காட்சியகத்தின் ஆய்விதழிலும் விரிவான கட்டுரைகளை வெளியிட்டார். இந்தியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள போர்ன்மத் நகரில் வாழ்ந்து ஆய்வைத் தொடர்ந்தார். 1949இல் பிரித்தானியத் தும்பிகளுக்கான கையேட்டையும், 1956இல் மடகாசுகர் தீவின் தட்டான்களைப் பற்றிய நூலையும் எழுதினார். ஆப்பிரிக்கத் தும்பிகள் பலவற்றையும் பெயரிட்டு விவரித்தார். 1963ஆம் ஆண்டில் தமது 83ஆம் வயதில் காலமானார்.

பிரேசருக்கு முந்தைய நிலை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத் தும்பிகளின் வகைப்பாட்டை அமைத்தவர்களுள் முதன்மையானவர் பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த எட்மண்ட் டி செலிஸ் லாங்சாம் (1813–1900) ஆவார். அவர் சிறகு நரம்புகளின் ஒழுங்கை முக்கிய அடையாளமாகக் கொண்டு பேரினங்களைப் பிரித்தார். இந்தியாவிலிருந்து ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குச் சென்ற காய்ந்த மாதிரிகளே அக்காலத்து விவரிப்புகளுக்கு அடிப்படையாக இருந்தன. அவற்றுள் பலவற்றில் இந்தியா என்பதற்கு மேல் இடக்குறிப்பு இல்லை. காய்ந்த தும்பிகளின் நிறமும் மங்கிவிடும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தைச் சேர்ந்த பிராங்க் போர்டெஸ்க்யூ லெய்ட்லா இந்திய அருங்காட்சியகத்தின் சேகரிப்புகளை ஆராய்ந்து பல இனங்களைப் பெயரிட்டார். பிரேசர் தாமே களத்தில் நின்று சேகரித்தார். எந்த ஓடையில், எந்த உயரத்தில், எந்த மாதத்தில் ஓர் இனம் பறக்கிறது என்பதையும், அது நிழலில் அமர்கிறதா வெயிலில் அமர்கிறதா என்பதையும், அதன் இளவுயிரி நீருக்குள் எங்கே வாழ்கிறது என்பதையும் இயன்றவரை பதிவு செய்தார்.

நீலகிரியும் மேற்குத் தொடர்ச்சி மலையும்

பிரேசரின் களப்பணியில் நீலகிரி, குடகு, ஆனைமலை, திருவிதாங்கூர் மலைகள் ஆகியவை முக்கிய இடம் பெறுகின்றன. நீலகிரி மலை குறுகிய தொலைவுக்குள் பெரும் உயர வேறுபாட்டைக் கொண்டது. அடிவாரத்துச் சமவெளியிலிருந்து 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா வரை, இலையுதிர் காடு, பசுமைமாறாக் காடு, சோலைக்காடு, புல்வெளி எனச் சூழல்கள் மாறுகின்றன. தென்மேற்கில் குந்தா மலைத்தொடர் தென்மேற்குப் பருவமழையை நேரடியாகப் பெறுகிறது. பிக்கட்டி, மஞ்சூர் போன்ற ஊர்களைக் கொண்ட இப்பகுதியின் ஓடைகள் குந்தா ஆற்றின் வழியாகப் பவானியை அடைந்து, பின்னர் காவிரியில் சேர்கின்றன.

தும்பியின் இளவுயிரி நீரில் வாழ்வது. சில இனங்களுக்குத் தேங்கிய குளமோ வயலோ போதும். இத்தகையவை பரந்த நிலப்பரப்பில் காணப்படும். வேறு சிலவற்றுக்கு நிழலும் குளிர்ச்சியும் உடைய ஓடும் நீர் தேவை. இத்தகையவை ஒரு மலைத்தொகுதியைத் தாண்டிப் பரவுவது அரிது. ஆகவே மேற்குத் தொடர்ச்சி மலையில் வேறெங்கும் இல்லாத தும்பிகள் பெரும்பாலும் காட்டோடைகளைச் சார்ந்தவையாக உள்ளன.

1922ஆம் ஆண்டிலிருந்து இத்தகைய இனங்களைப் பிரேசர் தொடர்ச்சியாக விவரித்தார். சிவந்த சிறகுப்பொட்டை உடைய புரோட்டோஸ்டிக்டா சாங்குயினோஸ்டிக்மா, கரிய உடலில் நீலக் குறிகளைக் கொண்ட எஸ்மே சயனியோவிட்டாட்டா, மெலனோநியூரா பைலினியாட்டா ஆகியவை அவ்வாண்டில் பெயரிடப்பட்டவை. 1924இல் இந்திய அருங்காட்சியக ஆய்விதழில் மேற்கு இந்தியாவின் தும்பிகளைப் பற்றிய நூறு பக்க ஆய்வை வெளியிட்டார். அதில் மாக்ரோமியா, ஐடியோனிக்ஸ் என்னும் இரு பேரினங்களைத் தனிக் கவனத்துடன் ஆராய்ந்ததோடு, முப்பது புதிய இனங்களை விவரித்தார். 1931இல் வெளியான அதன் தொடர்ச்சியில் மேலும் ஒன்பது புதிய இனங்கள் இடம்பெற்றன. நீலகிரியின் பெயரைத் தன் ஆங்கிலப் பொதுப்பெயரில் கொண்ட எஸ்மே லாங்கிஸ்டைலா அவ்வாண்டில் பெயர் பெற்றதாகும்.

பிரித்தானிய இந்திய விலங்குகள் நூல் வரிசை

பிரித்தானிய இந்தியாவின் விலங்குகளைப் பற்றிய நூல் வரிசையில் தும்பிகளுக்கான மூன்று தொகுதிகளைப் பிரேசர் எழுதினார். இவை இலண்டனில் டெய்லர் அண்ட் பிரான்சிஸ் நிறுவனத்தால் வெளியிடப்பட்டன. இன்றைய இந்தியாவுடன் பர்மா, இலங்கை ஆகியவற்றின் இனங்களும் இவற்றில் அடங்கும்.

முதல் தொகுதி (1933) ஊசித்தட்டான்களின் பெரும்பகுதியையும், இரண்டாம் தொகுதி (1934) எஞ்சிய ஊசித்தட்டான்களையும் கோம்பிடே குடும்பத் தட்டான்களையும், மூன்றாம் தொகுதி (1936) ஏனைய தட்டான்களையும் விவரிக்கின்றன. ஒவ்வோர் இனத்துக்கும் ஆண், பெண் உடல்களின் நிறம், சிறகு நரம்புகளின் எண்ணிக்கை, வயிற்று நுனியில் உள்ள கவ்வுறுப்புகளின் வடிவம், பரவல், வாழிடம் ஆகியவை தரப்பட்டுள்ளன. ஆண் தும்பி இணையும்போது பெண்ணின் கழுத்துப் பகுதியை இக்கவ்வுறுப்புகளால் பற்றிக்கொள்கிறது. இவற்றின் வடிவம் இனத்துக்கு இனம் மாறுபடுவதால், நிறத்தில் ஒத்திருக்கும் இனங்களைப் பிரித்தறிய இவை பெரிதும் பயன்படுகின்றன.

ஓர் இனத்தை அடையாளம் காண்பது ஒரு பணி. அது எந்த இனத்துக்கு உறவு என்று கூறுவது வேறொரு பணி. முதற்பணிக்குக் கவ்வுறுப்புகளை நம்பிய பிரேசர், இரண்டாவதற்குச் சிறகு நரம்புகளை நம்பினார்.

சிறகு நரம்பும் மூதாதை வழியும்

தும்பியின் சிறகு மெல்லிய சவ்வாலும் அதனைத் தாங்கும் நரம்புகளாலும் ஆனது. முன்விளிம்பின் நடுவே கணு என்னும் உறுதியான மூட்டும், நுனிக்கு அருகே சிறகுப்பொட்டு என்னும் நிறமுள்ள தடித்த அறையும் உள்ளன. சிறகின் அடிப்பகுதிக்கு அருகில் ஊசித்தட்டான்களில் நாற்கோண வடிவ அறை ஒன்றும், தட்டான்களில் முக்கோண வடிவ அறை ஒன்றும் காணப்படும். இவற்றுக்கிடையே ஓடும் நீள நரம்புகளும் குறுக்கு நரம்புகளும் குழுவுக்குக் குழு மாறுபடுகின்றன.

வகைப்பாட்டில் சிறகு பெற்ற முதன்மைக்கு வேறொரு காரணமும் உண்டு. பாறையில் தொல்லுயிர் எச்சமாகப் பதியும் தும்பிகளில் பெரும்பாலும் எஞ்சுவது சிறகே. எனவே இன்று வாழும் தும்பிகளையும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவற்றையும் ஒரே அளவுகோலால் ஒப்பிட இது இடமளித்தது.

அவ்வாறு ஒப்பிடுவதற்கு, ஒரு சிறகில் உள்ள நரம்பு மற்றொரு சிறகில் எந்த நரம்புக்கு நிகரானது என்று முதலில் தெரிய வேண்டும். அமெரிக்க அறிஞர்களான ஜான் ஹென்றி காம்ஸ்டாக், ஜேம்ஸ் நீதம் ஆகிய இருவரும் 1898–1899 ஆண்டுகளில் எல்லாப் பூச்சிகளுக்கும் பொதுவான நரம்புப் பெயரிடு முறையை முன்வைத்தனர். இளவுயிரியின் சிறகு மொட்டில் ஓடும் மூச்சுக்குழல்களைப் பின்தொடர்ந்து அவர்கள் நரம்புகளை அடையாளம் கண்டனர். ஆனால் தும்பிகளில் மூச்சுக்குழல்கள் காட்டிய வழி, தொல்லுயிர் எச்சச் சிறகுகள் காட்டிய வழியோடு பொருந்தவில்லை.

டில்யார்டும் பிரேசரும்

இச்சிக்கலில் பிரேசருடன் இணைந்து பணியாற்றியவர் ராபின் ஜான் டில்யார்டு (1881–1937) ஆவார். இங்கிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த இவர், 1917இல் வெளியான தும்பிகளின் உயிரியல் பற்றிய நூலால் புகழ் பெற்றவர். அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்துப் பெர்மியன் காலப் பாறைகளில் கிடைத்த பூச்சி எச்சங்களையும் ஆராய்ந்தவர். 1937ஆம் ஆண்டில் டில்யார்டு வாகன விபத்தில் இறந்தார். முற்றுப்பெறாத இருவரின் கூட்டுப் பணியைப் பிரேசர் நிறைவு செய்தார். சிறகு நரம்புகளுக்கான புதிய விளக்கங்களின் அடிப்படையில் தும்பிகளை மறுவகைப்படுத்தும் அவ்வாய்வு, இருவர் பெயரிலும் 1938 முதல் 1940 வரை ஆஸ்திரேலிய விலங்கியல் இதழில் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. அதில் கையாளப்பட்ட நரம்புப் பெயர்கள் பல பத்தாண்டுகள் தும்பியியலில் வழக்கில் இருந்தன.

1957ஆம் ஆண்டு வகைப்பாடு

1957இல் சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் அரச விலங்கியல் கழகம் பிரேசரின் நூலை வெளியிட்டது. 133 பக்கங்களே கொண்ட அந்நூல் தும்பிகள் வரிசை முழுவதையும் மறுவகைப்படுத்தியது. அப்போது பிரேசருக்கு வயது 77. அதற்கு முன் 1954இல் அவ்வரிசையின் தோற்றத்தையும் வழிமரபையும் பற்றிய கட்டுரையையும், 1955இல் ஹெமிஃபிளேபியா மிராபிலிஸ் என்னும் சிறிய ஆஸ்திரேலிய ஊசித்தட்டானைப் பற்றிய கட்டுரையையும் எழுதியிருந்தார்.

பழமையான பண்புகள் இன்று வரை மாறாமல் நீடிக்கும் இனங்களை இனங்கண்டால் வரிசையின் தொடக்கத்தை அறியலாம் என்பது பிரேசரின் அணுகுமுறையாகும். ஹெமிஃபிளேபியாவின் எளிய சிறகமைப்பைக் கண்டு, அது பெர்மியன் காலத்திலிருந்து எஞ்சிய வடிவம் என்று அவர் கருதினார். ஊசித்தட்டான்களே பழைய வழி என்றும், தட்டான்கள் அவ்வழியின் ஒரு பகுதியிலிருந்து பின்னர் கிளைத்தவை என்றும் அவர் கொண்டார்.

கிளைப்பாட்டியலின் வருகை

அதே காலகட்டத்தில் செருமானியப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் (1913–1976) வகைப்பாட்டுக்குப் புதிய விதிகளை வகுத்தார். 1950இல் செருமன் மொழியில் வெளியான அவரது கோட்பாடு, 1966இல் ஆங்கில நூல் வெளிவந்த பின்னரே பரவலாக அறியப்பட்டது. பிரேசர் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

கிளைப்பாட்டியல் எனப்படும் இம்முறையில், ஒரு மூதாதையையும் அதன் எல்லா வழித்தோன்றல்களையும் உள்ளடக்கிய தொகுதியே இயற்கையான தொகுதியாக ஏற்கப்படும். இதற்கு உயிரினக் கிளை என்று பெயர். இதிலிருந்து மூன்று விதிகள் பின்தொடர்கின்றன.

முதலாவதாக, பழைய பண்பு பொதுவாக இருப்பது நெருங்கிய உறவுக்குச் சான்றாகாது. பாட்டனிடமிருந்து வந்த பண்பு எல்லாப் பேரர்களிடமும் இருக்கலாம். அவர்களுள் யார் உடன்பிறந்தவர், யார் ஒன்றுவிட்டவர் என்பதை அது காட்டாது. புதிதாகத் தோன்றிய பண்பைப் பகிர்ந்துகொள்வதே உறவைக் காட்டும்.

இரண்டாவதாக, இன்று வாழும் ஓர் இனம் இன்று வாழும் மற்றோர் இனத்துக்கு மூதாதை ஆகாது. இரண்டும் ஒரு பொது மூதாதையிலிருந்து சம காலம் கடந்து வந்தவையே.

மூன்றாவதாக, ஒரே பண்பு வெவ்வேறு வழிகளில் தனித்தனியே தோன்றக்கூடும். உறுப்புகள் குறைந்து மறைவதில் இது அடிக்கடி நிகழ்கிறது. எடுத்துக்காட்டாக, பாம்புகளுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமண்ணில் வாழும் சிசிலியன்களுக்கும் கால்கள் இல்லை. ஆனால் பாம்பு ஊர்வன வகுப்பைச் சேர்ந்தது. சிசிலியன் தவளைக்கு உறவான நிலநீர்வாழி. காலின்மை இவ்விரண்டையும் ஒரே குடும்பமாக்காது.

மூங்கில்வால் ஊசித்தட்டான்கள்

மூன்றாவது விதி, பிரேசர் பெயரிட்ட மேற்குத் தொடர்ச்சி மலை இனங்கள் சிலவற்றை நேரடியாகத் தொட்டது. எஸ்மே, மெலனோநியூரா, காக்கோநியூரா, ஃபில்லோநியூரா, டிஸ்பரோநியூரா முதலிய பேரினங்களின் ஊசித்தட்டான்கள், மூங்கில்வால் என்று பொருள்படும் ஆங்கிலப் பொதுப்பெயரால் அறியப்படுகின்றன. இவை நீண்டு மெலிந்த வயிறும் ஒடுங்கிய சிறகும் கொண்டவை. பெரும்பாலும் நிழலுள்ள ஓடைகளில் வாழ்பவை. இவற்றின் சிறகில் பின்விளிம்பை ஒட்டிய நரம்புகள் குறைந்தோ மறைந்தோ காணப்படும்.

தென் அமெரிக்க, நடு அமெரிக்கக் காடுகளிலும் இதே தோற்றமும் இதே நரம்புக் குறைவும் கொண்ட ஊசித்தட்டான்கள் உள்ளன. ஆகவே இரு பகுதிகளின் இனங்களும் ஒரே தொகுதியாகக் கொள்ளப்பட்டன. 1933ஆம் ஆண்டுத் தொகுதியில் பிரேசர் இவற்றை ஒரு துணைக்குடும்பமாக வைத்தார். 1957ஆம் ஆண்டு வகைப்பாட்டில் இவை புரோட்டோநியூரிடே என்னும் தனிக் குடும்பமாயின. அவ்வகைப்பாட்டின்படி, நீலகிரி ஓடையில் பறக்கும் எஸ்மேயின் நெருங்கிய உறவினர் அமேசான் காட்டில் இருந்தனர்.

2008ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த உடலமைப்பு, மரபணு ஆய்வுகள் இதனை ஐயத்துக்கு உள்ளாக்கின. 2014ஆம் ஆண்டு இதழில் வெளியான டைக்ஸ்ட்ரா குழுவினரின் விரிவான ஆய்வு, ஊசித்தட்டான் பேரினங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டது. அதன்படி, ஆசிய, ஆப்பிரிக்க, ஆஸ்திரேலிய மூங்கில்வால்கள் பிளாட்டிக்னெமிடிடே குடும்பத்தின் ஒரு கிளை ஆகும். அமெரிக்க இனங்கள் அவற்றுக்கு உடன்பிறப்பு அல்ல. அவை வயல்களிலும் குளங்களிலும் பரவலாகக் காணப்படும் ஊசித்தட்டான்களை உள்ளடக்கிய சீனாக்ரியோனிடே குடும்பத்துக்குள் அமைகின்றன. நரம்புகளின் குறைவு இரு வழிகளிலும் தனித்தனியே நிகழ்ந்துள்ளது. இதனால் புரோட்டோநியூரிடே என்னும் குடும்பம் நீக்கப்பட்டது.

இம்மாற்றத்தால் எஸ்மே சயனியோவிட்டாட்டாவின் பெயரோ விவரிப்போ மாறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அதன் குடும்பமும், அதன் உறவினர் யார் என்பதும் மட்டுமே மாறின. தும்பிகள் எவ்வாறு பரவின என்னும் வரலாறும் இதனால் மாறுகிறது. இரு கண்டங்களின் இனங்களும் உடன்பிறப்புகள் என்றால், அவற்றைப் பிரித்த பழைய நில இணைப்பையோ நெடும்பயணத்தையோ தேட வேண்டும். அவை உடன்பிறப்புகள் அல்ல எனும்போது அத்தேடலுக்குத் தேவையில்லை.

உறுதிப்பட்டவையும் தீராதவையும்

நரம்புகளின் குறைவு எல்லா இடங்களிலும் தவறான வழியைக் காட்டவில்லை. பிரேசர் பல இனங்களைப் பெயரிட்ட புரோட்டோஸ்டிக்டா பேரினமும், இலங்கையில் காணப்படும் பிளாட்டிஸ்டிக்டா பேரினமும் ஒரே தொகுதியில் வைக்கப்பட்டிருந்தன. இவற்றின் சிறகிலும் நரம்புகள் குறைந்தே உள்ளன. மரபணு ஆய்வுகள் பிளாட்டிஸ்டிக்டிடே என்னும் இக்குடும்பத்தை ஓர் உயிரினக் கிளையாக உறுதிப்படுத்தின. ஊசித்தட்டான்களின் மரத்தில் லெஸ்டிடே குடும்பத்தை உள்ளடக்கிய கிளை முதலில் பிரிந்த பின், அடுத்துப் பிரிந்த கிளை இதுவே எனவும் தெரியவந்தது. நரம்பின் குறைவு எங்கே உறவைக் காட்டுகிறது, எங்கே காட்டவில்லை என்பதை நரம்பை மட்டும் பார்த்துக் கூற இயலாது. வேறு பண்புகளின் சான்றும் தேவைப்படுகிறது.

ஹெமிஃபிளேபியா வரிசையின் தொடக்கத்தில் நிற்கும் வடிவம் என்னும் கருத்து நிலைக்கவில்லை. மரபணு ஆய்வுகள் அதனை லெஸ்டிடே குடும்பத்தை உள்ளடக்கிய கிளையில் வைக்கின்றன. அது பழைய கிளை ஒன்றின் எஞ்சிய இனம். ஆனால் பிற தும்பிகளுக்கு மூதாதை அன்று. ஊசித்தட்டான்கள் யாவும் ஒரே உயிரினக் கிளை என்றும், தட்டான்கள் அக்கிளையிலிருந்து தோன்றாமல் அதற்கு இணையான கிளையாக அமைகின்றன என்றும் அண்மைக்கால ஆய்வுகளில் பெரும்பாலானவை காட்டுகின்றன.

இவ்விரு பெருங்கிளைகளுக்கும் இடைப்பட்டதாகக் கருதப்பட்ட மூன்றாம் துணைவரிசை ஒன்றும் இருந்தது. ஊசித்தட்டானின் சிறகும் தட்டானின் உடலும் கொண்ட எபியோஃபிளேபியா என்னும் பேரினத்தையும், பல தொல்லுயிர் எச்சங்களையும் அது உள்ளடக்கியது. இப்பேரினத்தின் ஓர் இனம் 1889இல் சப்பானிலிருந்து விவரிக்கப்பட்டது. இமயமலையில் கிடைத்த இளவுயிரியைக் கொண்டு 1921இல் டில்யார்டு மற்றோர் இனத்தை விவரித்து, லெய்ட்லாவின் பெயரைச் சூட்டினார். அத்துணைவரிசையில் சேர்க்கப்பட்ட எச்சங்கள் ஒரே மூதாதையின் முழு வழித்தோன்றல்கள் அல்ல என்பது பின்னர் தெளிவானது. எபியோஃபிளேபியா இன்று தட்டான்களின் உடன்பிறப்புக் கிளையாகக் கருதப்படுகிறது.

1924ஆம் ஆண்டு ஆய்வில் பிரேசர் தனிக் கவனம் செலுத்திய இரு பேரினங்களும் வெவ்வேறு முடிவை எட்டின. 1936ஆம் ஆண்டுத் தொகுதியில் இரண்டையும் அவர் ஒரே துணைக்குடும்பத்தில் வைத்திருந்தார். மாக்ரோமியா பின்னர் மாக்ரோமிடே என்னும் தெளிவான குடும்பமாகப் பிரிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பல இனங்களைக் கொண்ட ஐடியோனிக்ஸ், அந்த ஒழுங்குக்குள் எளிதில் அடங்கவில்லை. மூலக்கூற்று ஆய்வுகள் வந்த பின்னரும் பல பட்டியல்கள் அதனை நீண்ட காலம் குடும்பம் உறுதி செய்யப்படாத பேரினமாகவே வைத்திருந்தன.

மதிப்பீடு

பிரேசரின் வகைப்பாடு மூதாதை வழியை நோக்கமாகக் கொண்டிருந்தது. இன்றைய வகைப்பாட்டின் நோக்கமும் அதுவே. வேறுபாடு சான்றுகளை எடைபோடும் முறையில் உள்ளது. பிரேசர் ஒரே உறுப்பின் பண்புகளுக்கு மிகுந்த எடை தந்தார். பழமையான பண்புக்கும் புதிய பண்புக்கும் இடையே ஹென்னிக் வலியுறுத்திய வேறுபாட்டை அவர் கையாளவில்லை. சிறகு நரம்புகளைப் பற்றிய அவரது விளக்கமும் விவாதத்துக்கு உள்ளானது. 1984இல் ரீக், குக்கலோவா பெக் ஆகியோர் தொல்லுயிர் எச்சங்களின் அடிப்படையில் மாற்று விளக்கத்தை முன்வைத்தனர்.

மறுபுறம், வகைப்பாட்டைச் சோதிக்கும் வாய்ப்பைத் தந்ததும் அவரது விவரிப்புகளே. ஓர் இனத்தை நிச்சயமாக அடையாளம் காண இயலாவிட்டால், அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தாலும் அது எதனுடையது என்று கூற முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் இன்று மாதிரிகளைச் சேகரிப்பவர்கள், முதலில் பிரேசரின் விவரிப்புகளோடு ஒப்பிட்ட பின்னரே அவற்றுக்குப் பெயர் இடுகின்றனர். அவரது குடும்பப் பிரிவுகளை மாற்றிய ஆய்வுகளும் அவர் வரையறுத்த இனங்களைப் பயன்படுத்தியே அம்மாற்றத்தைச் செய்தன.

இன்றைய பயன்பாடு

பிரேசர் பெயரிட்ட இனங்களின் மூல மாதிரிகளில் பெரும்பகுதி இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. 1966இல் அவ்வருங்காட்சியகத்தைச் சேர்ந்த கிம்மின்ஸ் இவற்றின் பட்டியலைத் தனிக் கட்டுரையாக வெளியிட்டார். ஓர் இனத்தின் பெயரில் ஐயம் எழும்போது இம்மூல மாதிரியே இறுதிச் சான்றாகும்.

அவரது இடக்குறிப்புகள் பாதுகாப்புப் பணிக்கும் பயன்படுகின்றன. பிரேசரின் களப்பணிக்குப் பின்னர் நீலகிரியின் நீர்நிலைகள் பெரிதும் மாறிவிட்டன. தேயிலைத் தோட்டங்களும் காய்கறி வேளாண்மையும் விரிவடைந்தன. 1950களில் தொடங்கிய குந்தா நீர்மின் திட்டத்தின் கீழ் அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி முதலிய அணைகள் எழுந்தன. ஓடும் நீர் தேங்கிய நீராகும்போது, ஓடையைச் சார்ந்த தும்பிகள் இடம் இழக்கின்றன. குளத்தைச் சார்ந்த, பரவலாகக் காணப்படும் இனங்கள் அங்கே வருகின்றன. இனங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இவ்விழப்பு தெரியாமல் போகலாம். எந்த இனங்கள் மறைந்தன, எந்த இனங்கள் வந்தன என்று அறிவதற்கு மாற்றத்துக்கு முந்தைய பதிவு தேவை. 1918 முதல் 1936 வரையிலான பிரேசரின் கட்டுரைகளும் நூல்களும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அத்தகைய பதிவாக உள்ளன.

2010ஆம் ஆண்டுக்குப் பின்னரும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து புரோட்டோஸ்டிக்டா, ஐடியோனிக்ஸ் ஆகிய பேரினங்களில் புதிய இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அவை ஒவ்வொன்றும் புதியது என்று நிறுவப்படுவதற்கு முன், அதே பேரினத்தில் பிரேசர் விவரித்த இனங்களிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்பது கவ்வுறுப்புகளின் வடிவத்தைக் கொண்டு காட்டப்படுகிறது.